பலாலியா கட்டுநாயக்கவா: யாழ்ப்பாணம் போவோருக்கான தூரக் கணக்கும் நேரக் கணக்கும்

சென்னை விமான நிலையத்திலிருந்து யாழ்ப்பாணத்தின் விமான நிலையமான பலாலிக்கு வான்வழித் தூரம் ஏறத்தாழ 355 கி.மீ. அதே சென்னையிலிருந்து கொழும்பின் விமான நிலையமான கட்டுநாயக்கவுக்கு 643 கி.மீ. கிட்டத்தட்ட இரண்டு மடங்கு. ஆனால் இரண்டு விமானச்சீட்டையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் பயண நேரம் ஒன்றாகத்தான் இருக்கும்: ஒன்றேகால் முதல் ஒன்றரை மணித்தியாலம் வரை. கட்டுநாயக்கவுக்குப் போவது மணிக்கு 800 கி.மீ.க்கு மேல் பறக்கும் ஜெட். பலாலிக்குப் போவது ஏ.டி.ஆர். 72 என்ற புரொப்பெல்லர் விமானம், அதன் வேகம் 500 கி.மீ. அளவில் நின்றுவிடும்.

தாயகப் பயணத்துக்குச் சீட்டுப் போடும்போது பலரும் தடுக்கி விழும் இடம் இது. வரைபடத்தில் கிட்ட இருப்பது கடிகாரத்திலும் கிட்ட இருக்கும் என்று நம்பிவிடுகிறார்கள். வெளிநாட்டிலிருந்து விமானத்தில் யாழ்ப்பாணத்துக்குப் போக இன்று இரண்டு வாசல்கள் இருக்கின்றன. ஒன்று கட்டுநாயக்கவில் இறங்கித் தரைவழியாக வடக்கே போவது, மற்றது சென்னை அல்லது திருச்சி வழியாகப் பலாலியில் நேரே இறங்குவது. எது யாருக்குப் பொருந்தும் என்பதை விமானம் பறக்கும் நேரத்தைவிட, அதற்கு முன்னும் பின்னும் கரையும் நேரம்தான் தீர்மானிக்கிறது.

தூரத்தை எப்படி அளக்கிறார்கள்

இணையத்தில் காட்டப்படும் விமான நிலையத் தூரம், பூமியின் வளைவை ஒட்டி வரையக்கூடிய ஆகக் குறுகிய கோட்டின் நீளம். ஒரு தளம் நகர மையத்திலிருந்து அளக்கும், இன்னொன்று ஓடுபாதையிலிருந்து அளக்கும். கொழும்பு நகரத்திலிருந்து கட்டுநாயக்க முப்பது கி.மீ.க்கு மேல் வடக்கே இருப்பதால், கொழும்பு – யாழ்ப்பாணம் தூரம் தளத்துக்குத் தளம் மாறும். கட்டுநாயக்க – பலாலி என்று ஓடுபாதையிலிருந்து ஓடுபாதைக்கு அளந்தால் 290 கி.மீ. அளவில் வரும். வீதியில் அதே பயணம் புத்தளம், அநுராதபுரம் வழியாக 360 முதல் 380 கி.மீ.

நேரத்தைக் கணிக்கும் தளங்களை இன்னும் கவனமாகப் பார்க்க வேண்டும். பெரும்பாலானவை தூரத்தை 800 அல்லது 850 கி.மீ. வேகத்தால் வகுத்து, ஏறவும் இறங்கவும் என்று அரை மணித்தியாலத்தைக் கூட்டிவிடும். சென்னை – பலாலிக்கு அந்தக் கணக்கில் 57 நிமிடம் வரும். எந்த விமானம் பறக்கிறது என்பது அந்தத் தளத்துக்குத் தெரியாது. விமானச்சீட்டில் இருப்பது வேறு கணக்கு. வாயிலை விட்டு விமானம் அசையும் நேரம் முதல் மறுமுனையில் வந்து நிற்கும் நேரம் வரை அதில் அடங்கும். ஓடுபாதைக்கு ஊர்ந்து போவது, வரிசையில் நிற்பது, இறங்க அனுமதி கிடைக்கும்வரை வட்டமிடுவது எல்லாம் அதற்குள் வரும். ஆகவே திட்டம் போடும்போது சீட்டில் உள்ளதை மட்டும் எடுங்கள்.

முக்கிய நகரங்களிலிருந்து கட்டுநாயக்கவுக்குள்ள வான்வழித் தூரம் ஏறத்தாழ இப்படி:

லண்டன் ஹீத்ரோ – 8,715 கி.மீ.
பாரிஸ் சார்ல்ஸ் து கோல் – 8,480 கி.மீ.
ஒஸ்லோ – 8,150 கி.மீ.
பிராங்போர்ட் – 8,070 கி.மீ.
சூரிச் – 8,020 கி.மீ.
மெல்பேர்ண் – 8,360 கி.மீ.
சிட்னி – 8,760 கி.மீ.
ரொறன்ரோ – 14,000 கி.மீ.

நேரடி விமானத்தில் லண்டனிலிருந்து போக ஏறத்தாழ பத்தரை மணித்தியாலம், திரும்ப பதினொன்றேகால் அல்லது சற்றுக் கூட. உயரத்தில் மேற்கிலிருந்து கிழக்காக வீசும் காற்று போகும்போது தள்ளிவிடும், திரும்பும்போது எதிர்த்து நிற்கும். அவுஸ்திரேலியாவிலிருந்து வருவோருக்கு இது தலைகீழ்: மெல்பேர்ணிலிருந்து வரும்போது பதினொரு மணித்தியாலத்தை நெருங்கும், திரும்பும் பயணம் குறையும். ரொறன்ரோவிலிருந்து கொழும்புக்கு நேரடி விமானம் இல்லை. டுபாய் வழியாகப் போனால் 11,080 கி.மீ.யும் 3,290 கி.மீ.யும் சேர்ந்து 14,370 கி.மீ. ஆகிறது. நேர்கோட்டைவிட 370 கி.மீ. மட்டுமே கூட, ஆகவே வளைகுடா வழி ஒன்றும் சுற்றுவழி இல்லை.

ரொறன்ரோக்காரர் பார்க்க வேண்டிய இன்னொரு கணக்கு உண்டு. ரொறன்ரோ – டுபாய் – சென்னை – பலாலி என்று மூன்று துண்டையும் கூட்டினாலும் 14,370 கி.மீ.தான் வருகிறது. இரண்டு வழியிலும் வானத்தில் கடக்கும் தூரம் ஒன்று. ஆனால் ஒன்று யாழ் நகரத்திலிருந்து அரை மணித்தியாலத்தில் உள்ள ஓடுபாதையில் இறக்கிவிடுகிறது, மற்றது ஏழெட்டு மணித்தியால வீதிப் பயணத்தின் தொடக்கத்தில் விடுகிறது. கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. ஏன் எல்லோரும் பலாலி வழியால் போவதில்லை என்பதற்குக் காரணம் சென்னையில் இருக்கிறது.

நேர வித்தியாசம்

இந்தியாவும் இலங்கையும் ஒரே நேரத்தில் ஓடுகின்றன. 1996 முதல் பத்து ஆண்டுகள் இலங்கை தன் கடிகாரத்தை முன்னே தள்ளி வைத்திருந்தது, 2006 ஏப்ரலில் பழைய நேரத்துக்கே திரும்பியது. ஆகவே சென்னை – பலாலிச் சீட்டில் புறப்படும் நேரத்தை இறங்கும் நேரத்திலிருந்து கழித்தால் கிடைப்பதுதான் உண்மையான பயண நேரம்.

மற்ற ஊர்களுக்குக் கழித்தல் தேவை. லண்டனைவிட இலங்கை கோடையில் நாலரை, குளிர்காலத்தில் ஐந்தரை மணித்தியாலம் முன்னே நிற்கும். பாரிஸ், சூரிச், பேர்லின், ஒஸ்லோவுக்கு மூன்றரையும் நாலரையும். ரொறன்ரோவுக்கு ஒன்பதரையும் பத்தரையும். மெல்பேர்ண், சிட்னியைவிட இலங்கை பின்னே நிற்கும்: அங்கு குளிர்காலத்தில் நாலரை, கோடையில் ஐந்தரை. எடுத்துக்காட்டாக, டிசம்பரில் லண்டனிலிருந்து இரவு 8.30க்குப் புறப்பட்டு மறுநாள் பகல் 12.30க்கு இறங்கினால் கடிகாரம் காட்டுவது 16 மணித்தியாலம். ஐந்தரையைக் கழித்தால் பத்தரை. கடிகாரம் மாறும் மார்ச், ஒக்டோபர் இறுதி வாரங்களில் (கனடாவில் மார்ச் இரண்டாம் ஞாயிறு, நவம்பர் முதல் ஞாயிறு) விமான அட்டவணைகளும் மாறும். அந்தக் கிழமைகளில் இரண்டு தனிச்சீட்டுகளைத் தொடுத்து வைத்திருப்போர், இடைவெளி அப்படியே இருக்கிறதா என்று மறுபடி பார்ப்பது அவசியம்.

பலாலி

யாழ்ப்பாணம் சர்வதேச விமான நிலையம் என்ற பெயரில் பலாலி 2019 ஒக்டோபர் 17 அன்று திறக்கப்பட்டது. அடுத்த மாதமே அலையன்ஸ் எயார் சென்னையிலிருந்து பறக்கத் தொடங்கியது. கோவிட் காலத்தில் நின்றது, 2022 டிசம்பர் 12 அன்று மீண்டும் தொடங்கியது. இண்டிகோ 2024 செப்டம்பரில் சென்னையிலிருந்தும், 2025 மார்ச் இறுதியில் திருச்சியிலிருந்தும் சேவையைத் தொடங்கியது. திருச்சி – பலாலி வெறும் 185 கி.மீ., சீட்டில் ஒரு மணித்தியாலத்தை ஒட்டிக் காட்டும். நிலையத்தின் குறியீடு ஜே.ஏ.எஃப். சென்னைக்கு எம்.ஏ.ஏ., திருச்சிக்கு டி.ஆர்.இசட்., கட்டுநாயக்கவுக்கு சி.எம்.பி. தேடும்போது இரத்மலானையின் ஆர்.எம்.எல்., மத்தளையின் எச்.ஆர்.ஐ. ஆகியவை தலைகாட்டினால் விலகிச் செல்லுங்கள். மத்தளை தீவின் தெற்கு முனையில் இருக்கிறது, யாழ்ப்பாணம் போகிறவருக்கு அங்கே வேலை இல்லை.

ஓடுபாதையின் இப்போதைய நீளம் பெரிய ஜெட்களுக்குப் போதாது. அதனால்தான் எழுபது, எண்பது இருக்கைக்குள் அடங்கும் ஏ.டி.ஆர். வருகிறது. இதிலிருந்து பிறக்கும் நடைமுறைச் சிக்கல்கள் பல.

முதலாவது பொதி. கனடாவிலிருந்து 23 கிலோ வீதம் இரண்டு சூட்கேஸ் அனுமதியோடு 46 கிலோவைக் கட்டிக்கொண்டு வருவோருக்கு ஏ.டி.ஆரில் அந்த அளவு கிடைக்காது. இந்தச் சேவைகளில் எண்ணிக்கைக் கணக்கு இல்லை, எடைக் கணக்கு. மேலதிகமாக ஒவ்வொரு கிலோவுக்கும் காசு கட்ட வேண்டும், அதுவும் இடமிருந்தால்தான். சீட்டுப் போடும்போதே இணையத்தில் மேலதிக எடையை வாங்கினால் நிலையத்தில் கட்டுவதைவிடக் குறைவாக முடியும். ஊருக்கு நிறையச் சாமான் கொண்டுபோகிறவருக்கு இந்த ஒரு காரணமே கட்டுநாயக்க வழியைத் தெரிவு செய்யப் போதும்.

இரண்டாவது கைப்பை. தலைக்கு மேலுள்ள பெட்டிகள் சிறியவை. சக்கரம் வைத்த கைப்பெட்டியை விமானத்தின் படியடியில் வாங்கிக் கீழே வைத்துவிடுவார்கள். கடவுச்சீட்டு, மருந்து, நகை, காசு எல்லாம் தோளில் போடும் சின்னப் பையில் தனியாக இருக்கட்டும்.

மூன்றாவது இருக்கை. ஏ.டி.ஆரில் பயணிகள் ஏறும் வாசல் வாலருகே இருக்கிறது, பொதி வைப்பது முன்பக்கம். ஜெட்டில் செய்வதுபோல முன்வரிசைக்குக் காசு கட்டினால் கடைசியாகத்தான் இறங்குவீர்கள். புரொப்பெல்லருக்கு நேரே உள்ள முன்வரிசைகளில் சத்தமும் கூட. பின்வரிசையே நல்லது: சத்தம் குறைவு, குடிவரவு வரிசையில் முன்னுக்கு நிற்கலாம். சக்கர நாற்காலி தேவைப்படும் முதியவர்களுக்கு ஆகக் குறைந்தது 48 மணித்தியாலம் முன்பே சொல்லிவையுங்கள். இங்கே பாலம் போட்டு ஏற்றும் வசதி கிடையாது, தரையில் நடந்து படியேற வேண்டும்.

பலாலியிலிருந்து யாழ் நகரம் 17 கி.மீ. அளவு. தெல்லிப்பழை, காங்கேசன்துறைப் பக்கத்தவருக்கு இன்னும் கிட்ட.

சென்னையில் கரையும் நேரம்

லண்டன் – சென்னை ஒரு சீட்டாகவும் சென்னை – பலாலி வேறொரு சீட்டாகவும் போட்டிருந்தால், சட்டத்தின் கண்ணில் நீங்கள் இந்தியாவுக்குள் வந்து போகிறவர். குடிவரவைக் கடந்து, பொதியை எடுத்து, சுங்கத்தைத் தாண்டி வெளியே வந்து, மறுபடி புறப்பாட்டு வாசலுக்குப் போய் எல்லாவற்றையும் முதலிலிருந்து செய்ய வேண்டும். அதற்கு இந்திய வீசா வேண்டும். "நான் வெளியே போகவில்லையே, இடைமாற்றம்தானே" என்று சொல்லி ஒன்றும் நடக்காது. வீசா இல்லாவிட்டால் லண்டனிலேயே விமானத்தில் ஏற்றமாட்டார்கள். ஒரே முன்பதிவில் இரண்டு விமானமும் இருந்து, பொதியும் கடைசிவரை அனுப்பப்பட்டால்தான் நிலையத்துக்குள்ளேயே இருந்து மாறலாம். அப்படியென்று முகவர் சொன்னாலும், புறப்படும் இடத்தில் பொதியில் ஒட்டும் பட்டியைக் கையில் பிடித்துக் கடைசி மூன்று எழுத்தை வாசியுங்கள். ஜே.ஏ.எஃப். என்றிருந்தால் சரி. எம்.ஏ.ஏ. என்றிருந்தால் பொதி சென்னையில் சுழலும் பட்டியில் வந்து விழும், எடுக்க நீங்கள் போக வேண்டும்.

இந்திய இ-வீசா எடுப்போர் கவனிக்க வேண்டிய பொறி ஒன்று இருக்கிறது. 30 நாள் சுற்றுலா இ-வீசாவில் இரண்டு முறை நுழையலாம்: போகும்போது ஒன்று, திரும்பும்போது ஒன்று. ஆனால் அந்த 30 நாள் முதன்முதலில் இந்தியாவில் இறங்கிய நாளிலிருந்து எண்ணப்படும். யாழ்ப்பாணத்தில் ஐந்து கிழமை நின்றுவிட்டுச் சென்னை வழியாகத் திரும்பினால், இரண்டாவது நுழைவு மிச்சமிருந்தாலும் வீசா காலாவதியாகியிருக்கும். நல்லூர்த் திருவிழாவின் 25 நாளும் நின்று, முன்னும் பின்னும் கொஞ்ச நாள் உறவினரோடு இருக்க நினைப்பவர்கள் இதில் மாட்டிக்கொள்வார்கள். அவர்களுக்கு ஓராண்டு வீசாதான் சரி. 30 நாள் வீசாவுக்குப் பயணத்துக்கு ஆகக் குறைந்தது நான்கு நாள் முன்பே விண்ணப்பிக்க வேண்டும் என்பது விதி. இரண்டு கிழமை முன்பே போட்டுவிட்டால் நிம்மதி. சென்னையும் திருச்சியும் இ-வீசா ஏற்கும் விமான நிலையங்களே. உங்கள் கடவுச்சீட்டு நாட்டுக்கு அந்த நேரத்தில் இ-வீசா உண்டா என்பதை மட்டும் இந்திய அரச தளத்தில் பாருங்கள். அதைப்போலவே தோற்றமளிக்கும் தனியார் தளங்கள் கூடுதல் காசு கேட்கும்.

இலங்கைக்குள் நுழைய வெளிநாட்டுக் கடவுச்சீட்டுக்காரர் இ.டி.ஏ. என்ற இணையவழிப் பயண அனுமதியை வீட்டிலிருந்தே எடுத்துக்கொள்வது நல்லது. சென்னையில் பலாலி விமானத்துக்குப் பதியும்போது அதைக் கேட்பார்கள். கைத்தொலைபேசியில் காட்டலாம் என்று விடாமல் தாளில் அச்சிட்டு வையுங்கள். இந்திய விமான நிலையங்களில் புறப்பாட்டுக் கட்டடத்தின் வாசலிலேயே பாதுகாப்புப் படையினர் சீட்டையும் கடவுச்சீட்டையும் பார்த்துத்தான் உள்ளே விடுவார்கள். வெளிநாட்டு சிம் வேலை செய்யாத நேரத்தில் அந்தத் தாள் கைகொடுக்கும்.

எவ்வளவு இடைவெளி வேண்டும்? குடிவரவுக்கும் இ-வீசா கைரேகைக்கும் ஒரு மணித்தியாலம், கூட்டமென்றால் ஒன்றரை. பொதிக்கு 30 முதல் 45 நிமிடம். சுங்கம், வெளியேற்றம், மறுநுழைவு சேர்த்து அரை மணித்தியாலம். அடுத்த விமானத்தின் பதிவு மேடை புறப்படுவதற்கு 60 முதல் 75 நிமிடத்துக்கு முன்பே மூடிவிடும். கூட்டிப் பார்த்தால் நான்கு மணித்தியாலம், அதுவும் முதல் விமானம் நேரத்துக்கு வந்தால்தான். ஆகவே தனிச்சீட்டென்றால் ஆறு மணித்தியாலத்துக்குக் குறையாமல் விடுங்கள். ஐரோப்பாவிலிருந்தும் வளைகுடாவிலிருந்தும் வரும் விமானங்கள் பெரும்பாலும் நள்ளிரவுக்குப் பின்னும் அதிகாலையிலும் சென்னையில் இறங்குகின்றன. பலாலி விமானங்கள் பகலில் பறக்கின்றன. அதனால் அந்த இடைவெளி பொதுவாகத் தானாகவே அமையும். குழந்தைகளோ முதியவர்களோ கூட இருந்தால் நிலையத்துக்கு அருகே அறை எடுத்துக் குளித்துத் தூங்கிவிட்டுப் போகலாம், விமான நிலைய மெட்ரோவும் வாசலிலேயே இருக்கிறது.

நகை. தாலிக்கொடியும் காப்புமாகப் போவோர் சென்னையில் நாட்டுக்குள் நுழையும்போது சுங்கத்துக்குப் பதில் சொல்ல வேண்டிவரும். "போட்டிருக்கும் நகைதானே" என்ற விளக்கம் எப்போதும் எடுபடுவதில்லை. இலங்கைப் பெண்ணொருவரிடம் பறிமுதல் செய்த தாலிக்கொடியைத் திருப்பிக் கொடுக்கும்படி நீதிமன்றமே உத்தரவிட வேண்டிவந்தது. கனமான நகை இருந்தால், அறிவிக்க ஒன்றும் இல்லாதோருக்கான பச்சை வழியால் நடக்காமல் சிவப்பு வழியில் போய் அறிவியுங்கள். இந்தியச் சுங்கச் சட்டத்தின் 80ஆம் பிரிவின்படி, அறிவித்த பொருளைச் சுங்கத்தில் வைத்துவிட்டு நாட்டைவிட்டுப் போகும்போது மீளப் பெற முடியும். பற்றுச்சீட்டு வாங்காமல் நகராதீர்கள். மீட்கவும் நேரம் வேண்டும், ஆறு மணித்தியாலம் என்று சொன்னதை எட்டாக்குங்கள். இதைவிட இலகுவான வழி, நகையை வீட்டிலேயே விட்டுவிட்டு வருவது.

எது விரைவு

லண்டனிலிருந்து சென்னை வழியாக: பத்து மணித்தியாலப் பறப்பு, சென்னையில் ஆறு, பலாலிக்கு ஒன்றேகால், இறங்கி வீடு சேர ஒன்றரை. ஏறத்தாழ 19 மணித்தியாலம். கட்டுநாயக்க வழியாக: பத்தரை மணித்தியாலப் பறப்பு, வெளியே வர ஒன்றேகால், வீதியில் ஏழரை. அதுவும் 19 மணித்தியாலத்தைத் தாண்டி நிற்கும். எவ்வளவு சுற்றிக் கணக்குப் போட்டாலும் வித்தியாசம் ஒரு மணித்தியாலத்துக்குள்தான். ஒன்றில் வரிசையில் நின்று களைப்பீர்கள், மற்றதில் வானில் இருந்து களைப்பீர்கள், இங்கே வான் என்றது வீதியில் ஓடும் ஹயஸ் வாகனத்தைத்தான்.

ஆகவே எங்கள் கருத்து இது. சென்னையில் எப்படியும் இரண்டு நாள் நிற்கப் போகிறவர், கலியாணச் சேலை எடுக்கவோ மருத்துவரைப் பார்க்கவோ போகிறவர், பலாலி வழியைத் தாராளமாக எடுக்கலாம். நீண்ட வீதிப் பயணத்தில் முதுகோ காலோ ஒத்துழைக்காதவருக்கும் அதுவே. மற்றவருக்கு, குறிப்பாக நிறையப் பொதியோடு குடும்பமாகப் போகிறவருக்கு, கட்டுநாயக்கவே சிக்கல் குறைந்தது.

வன்னிக்குப் போகிறவர் இன்னொரு முறை யோசிக்க வேண்டும். கிளிநொச்சிக்குப் பலாலி கிட்ட. வவுனியாவுக்குக் கட்டுநாயக்கவிலிருந்து ஐந்து மணித்தியாலம், பலாலியிலிருந்து மூன்று. இரண்டு மணித்தியாலத்தை மிச்சம் பிடிக்கச் சென்னையில் ஆறைச் செலவழிப்பது கட்டாது. திருகோணமலை, மட்டக்களப்பு, மன்னார் போகிறவருக்குப் பலாலி உதவாது, கட்டுநாயக்கதான்.

கட்டுநாயக்கவில் நள்ளிரவில் இறங்கினால் உடனே யாழ்ப்பாணம் நோக்கி ஓடாதீர்கள். சாரதி பகல் முழுதும் வடக்கிலிருந்து ஓடிவந்தவராக இருப்பார். ஏ-9 வீதியில் இரவில் மாடுகள் படுத்திருக்கும், புத்தளம் – அநுராதபுரம் பக்கம் யானை குறுக்கே வரும். பத்துக் கி.மீ.யில் நீர்கொழும்பு, அங்கே தங்கி விடிய ஐந்துக்குப் புறப்பட்டால் மதியச் சாப்பாட்டுக்கு வீட்டில் நிற்கலாம். தனியாகப் போகிறவருக்குக் கொழும்பு வெள்ளவத்தையிலிருந்து புறப்படும் இரவுச் சொகுசு பஸ் உண்டு. கொழும்புக் கோட்டையிலிருந்து காங்கேசன்துறைக்கு ரயிலும் உண்டு, ஆனால் 2025 நவம்பர் இறுதியில் டித்வா புயல் நாட்டின் ரயில் பாதைகளைச் சேதப்படுத்திய பிறகு, ரயிலை நம்பித் திட்டமிடுகிறவர் சேவை எதுவரை ஓடுகிறது என்று முதலில் விசாரிக்கட்டும்.

தாமதமானால் தூரம் காசாகும்

தூரக் கணக்கு உண்மையில் பயன்படும் ஒரு இடம் இழப்பீடு. ஐரோப்பிய ஒன்றியத்தின் 261/2004 ஒழுங்குவிதியின்படி, அங்கிருந்து புறப்படும் விமானம் இறுதி இடத்தை மூன்று மணித்தியாலத்துக்கு மேல் பிந்தி அடைந்தால், 3,500 கி.மீ.க்கு மேற்பட்ட பயணத்துக்கு 600 யூரோ கேட்கலாம். மூன்றுக்கும் நாலுக்கும் இடைப்பட்ட தாமதமென்றால் அது பாதியாகக் குறையலாம். பிரித்தானியாவில் அதே விதி 520 பவுண். கனடாவின் விதி தூரத்தைப் பார்க்காது, பிந்திய நேரத்தைப் பார்க்கும்: பெரிய விமான நிறுவனமென்றால் மூன்று மணித்தியாலத்துக்கு 400, ஆறுக்கு 700, ஒன்பதுக்கு 1,000 கனடிய டொலர். புயலும் மூடுபனியும் நிறுவனத்தின் கையில் இல்லாதவை, அவற்றுக்கு இது கிடைக்காது.

இங்கே "இறுதி இடம்" என்பது ஒரே முன்பதிவின் கடைசி நிலையம். பலாலிச் சீட்டு தனியென்றால் உங்கள் இறுதி இடம் சென்னை. லண்டன் விமானம் இரண்டரை மணித்தியாலம் பிந்தி வந்து பலாலி விமானம் தவறிப்போனால், ஒரு பக்கமும் காசு தராது, அடுத்த விமானத்துக்குப் புதுச்சீட்டு உங்கள் செலவு. பயணக் காப்புறுதி எடுக்கும்போது, தனிச்சீட்டுத் தொடர்பு தவறினாலும் ஈடு செய்வார்களா என்பதைப் பத்திரத்தில் வாசித்துவிட்டு எடுங்கள். பல பத்திரங்கள் அதை விலக்கி வைத்திருக்கின்றன.

காலநிலையும் திரும்பும் பயணமும்

ஒக்டோபர் நடுவிலிருந்து டிசம்பர்வரை வடகீழ்ப் பருவமழை சென்னையையும் யாழ்ப்பாணத்தையும் ஒன்றாக அடிக்கும். 2015 டிசம்பர் வெள்ளத்தில் சென்னை விமான நிலையம் சில நாள் மூடிக்கிடந்தது. 2023 டிசம்பரில் மிக்ஜாம், 2024 நவம்பர் இறுதியில் ஃபெஞ்சல் புயல்களிலும் ஓடுபாதை மூடப்பட்டது. பெரிய விமானம் பிந்தினாலும் வந்துவிடும். சின்ன ஏ.டி.ஆர். ரத்தானால் அதே நாளில் வேறொன்று கிடைப்பது அரிது. பொங்கலுக்குப் போவோர் போகிப் பண்டிகைக் காலையையும் தவிர்க்க வேண்டும். பழையன எரிக்கும் புகையும் பனியும் சேர்ந்து சென்னை ஓடுபாதை கண்ணுக்குத் தெரியாமல் போய், விமானங்கள் திருப்பி அனுப்பப்பட்ட ஆண்டுகள் உண்டு.

திரும்பும்போது கணக்கைப் பின்னிருந்து போடுங்கள். கட்டுநாயக்கவில் விடியப்புறம் ஒரு மணிக்கு விமானமென்றால், இரவு பத்துக்கு நிலையத்தில் நிற்க வேண்டும். வீதிக்கு எட்டு, பஞ்சருக்கும் நெரிசலுக்கும் சாப்பாட்டுக்கும் மூன்று மணித்தியாலம். அதாவது முதல்நாள் முற்பகல் பதினொரு மணிக்கு யாழ்ப்பாணத்தை விட வேண்டும். திகதியையும் கவனியுங்கள். 15ஆம் திகதி 1.00 மணி விமானத்துக்கு 14ஆம் திகதி காலையிலேயே வீட்டை விட வேண்டும், 15ஆம் திகதி இரவு போய் நிற்கிறவர்கள் இன்னும் இருக்கிறார்கள். பலாலி வழியாகத் திரும்புகிறவர், மழைக்காலமென்றால் பெரிய விமானத்துக்கு ஒரு நாள் முன்பே சென்னைக்குப் போய்ச் சேர்ந்துவிடுங்கள். மற்ற மாதங்களில் பிற்பகல் பலாலி விமானமும் அன்று நள்ளிரவுக்குப் பின் புறப்படும் விமானமும் பொருந்தும்.

நாகப்பட்டினம் – காங்கேசன்துறைக் கப்பல் 2023 ஒக்டோபரில் தொடங்கி, நின்று, 2024 ஓகஸ்டில் மறுபடி ஓடத் தொடங்கியது. ஏறத்தாழ 110 கி.மீ., நான்கு மணித்தியாலம், கடல் கொந்தளிக்கும் மாதங்களில் நிறுத்திவிடுவார்கள். இந்திய இ-வீசாவோடு கப்பலில் திரும்ப நினைப்பவர், அந்த வீசாவை ஏற்கும் துறைமுகங்களின் பட்டியலில் நாகப்பட்டினம் இருக்கிறதா என்று பார்த்த பின்பே சீட்டு வாங்குங்கள்.